மூன்றாவது கதையும் வாசல் பேச்சும்

என் ஓரகத்திக்கு சினிமா தியேட்டரில் வெளிவாசல் வேலை. படம் முடிகிற நேரத்தில் பெரிய கதவு இரண்டையும் திறந்து கொக்கியில் மாட்டி, கூட்டம் முட்டி மோதாமல் போக வழிவிட்டு நிற்க வேண்டும். பார்த்தால் சாதாரண வேலைதான். ஆனால் எங்கள் தியேட்டரில் ஒரு படம் இன்னொரு வாரம் ஓடுவதும் மூட்டை கட்டுவதும் பாதி அவள் வாயில்தான் இருக்கிறது.

இந்தப் பழக்கம் எங்கள் மேனேஜர் கொண்டுவந்தது. புதுப்படம் வந்தால் முதல் சில நாள் ஆட்டம் முடிந்ததும் மாடியிலிருந்து இறங்கி வருவார். "வாசல் என்ன சொல்லுது தராசம்மா?" என்பார். இவள் காதில் விழுந்ததை அப்படியே சொல்வாள். தன் கருத்து என்று உப்புக்கல் அளவுகூடச் சேர்க்க மாட்டாள். முதல் வாரம் புதுப்படத்தை அவள் பார்ப்பதே இல்லை. பார்த்துவிட்டால் காது ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடுமாம். தராசு என்று பெயர் வந்தது அதனால்தான். எங்கள் வீட்டிலும் இப்போது அதுவே பெயராகிவிட்டது.

ஜனங்கள் நாற்காலியை விட்டு எழுந்து வாசலைத் தாண்டும் வரைதான் உண்மை பேசுவார்கள் என்பாள். வண்டி நிறுத்தும் இடத்துக்குப் போனால் ஒருவர் மூஞ்சியை ஒருவர் பார்த்துப் பேச்சை மாற்றிக்கொள்வார்களாம். உள்ளே மூக்கை உறிஞ்சியவர் அங்கே போய் "சுமார்தான்" என்பார். உள்ளே குறட்டை விட்டவர் "ஆழமான படம்" என்பார். ஒரு முறை பெரிய நடிகர் படத்துக்கு விசில் காதைக் கிழித்தது. மேனேஜர் வாயெல்லாம் பல்லாக இறங்கி வந்தார். இவள், "எல்லாரும் அவர் சட்டையப் பத்திப் பேசுறாங்க சார், கதையப் பத்தி ஒருத்தரும் பேசல" என்றாள். அடுத்த வாரம் அந்தச் சுவரொட்டியைக் கிழிக்கத்தான் ஆள் தேவைப்பட்டது.

நானும் அதே தியேட்டரில்தான் இருக்கிறேன். உள்கூடத்தில் டீ போடுகிறேன். அவள் வீட்டுக்காரர் என் வீட்டுக்காரரின் தம்பி. ஒரே வீட்டில் நாங்கள் கீழே, அவர்கள் மேலே. ஓரகத்திகள் ஒற்றுமையாக இருந்தால் யாரும் நம்ப மாட்டார்கள். நம்பாவிட்டால் போகட்டும், கடவுள் புண்ணியத்தில் இத்தனை வருஷமாக ஒரு அடுப்பில்தான் சமையல்.

என் கொழுந்தனார் பஸ் டிரைவர். விடியற்காலை முதல் பஸ் அவருடையது. நகரத்தின் ஒரு மூலையில் இருட்டில் கிளம்பி மறு மூலையில் வெளிச்சத்தில் போய் நிற்பார். அதிர்ந்து பேசத் தெரியாத மனுஷன். வீட்டில் அவர் இருக்கிறாரா என்று செருப்பைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அப்படிப்பட்டவருக்கு சினிமா வந்து கதவைத் தட்டியது.

நம் நகரத்தின் பெருமையைச் சொல்ல ஐந்து குட்டிக் கதைகள் சேர்த்து ஒரே படமாக எடுத்தார்கள். மூன்றாவது கதை முதல் பஸ்ஸின் கதை. அதில் யாரும் வசனம் பேசுவதில்லை. ஆட்கள் ஏறுவார்கள், தூங்கி வழிவார்கள், இறங்குவார்கள். கண்ணாடிக்கு வெளியே நகரம் மெல்ல விழிக்கும். டிரைவராக நடிக்க வந்த பையனுக்கு பஸ்ஸை நகர்த்தவே வரவில்லை. அதனால் முகம் அவனுடையது, ஓட்டுகிற கை இரண்டும் என் கொழுந்தனாருடையது. படம் பிடிக்கிற அன்றைக்கு அவர் நகம் வெட்டி, கைக்கு எண்ணெய் தடவிக்கொண்டு போனார். தராசு விடுவாளா? "கல்யாணத்தன்னைக்குக்கூட இந்தக் கை இவ்வளவு சுத்தமா இல்ல அக்கா" என்றாள்.

படம் எங்கள் தியேட்டருக்கே வந்தது. டீ வாங்க வந்தவர்களிடமெல்லாம் நான் சொல்லிச் சொல்லி, மேனேஜரிலிருந்து கூட்டிப் பெருக்குகிறவர்கள் வரை எல்லாருக்கும் அது எங்கள் வீட்டுப் படமாகிவிட்டது. கொழுந்தனார் மட்டும் வார விடுமுறையில் நிதானமாகப் பார்க்கலாம் என்று இருந்தார்.

முதல் நாள் மாலை ஆட்டம். அரங்கு நிறைந்த கூட்டம். முதல் கதைக்கு ஒரே சிரிப்பு, இரண்டாவதுக்குக் கைதட்டல். உள்கூடம் வரை கேட்டது. மூன்றாவது கதை தொடங்கி பஸ் கிளம்புகிற உறுமல் கேட்டது. என் மனசு கோயில் மணி மாதிரி அடித்துக்கொண்டது. பார்த்தால் கதவு திறக்கிறது. ஒருவர் வந்தார், பின்னாலேயே நாலு பேர், அதற்குப் பின்னால் ஒரு குடும்பமே வந்தது. எல்லாருக்கும் டீ வேண்டுமாம். வேலைக்கு வந்த நாளிலிருந்து டீ நன்றாகப் போக வேண்டும் என்று சாமியைக் கும்பிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைப்பேன். அன்றைக்கு மட்டும், ஆண்டவனே, ஒருத்தருக்கும் டீ ஞாபகம் வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டே ஊற்றிக் கொடுத்தேன்.

தராசு வாசலோரம் நின்றிருந்தாள். அவள் காதில் என்ன விழுந்ததோ அதுவே என் காதிலும் விழுந்தது. ஒருவர், "தினம் பஸ்ல நசுங்கித்தான் வர்றோம், இங்க வந்தும் பஸ்ஸையே பாக்கணுமா?" என்றார். அவர் கூட்டாளி, "டிக்கெட் எடுத்தாச்சு, நம்ம ஸ்டாப் எப்ப வரும்?" என்று கேட்டு எல்லாரையும் சிரிக்க வைத்தான். நானும் மரியாதைக்குச் சிரித்துத் தொலைத்தேன்.

படம் முடிந்து வெளியே வந்தவர்கள் மற்ற கதைகளையும் விட்டுவைக்கவில்லை. நாலாவது கதையில் வேலைக்கே போகாத ஒரு பெண் இருக்கிற அவ்வளவு பெரிய வீட்டுக்கு வாடகை யார் கொடுக்கிறார்கள் என்று ஒரு அம்மா கேட்டாள். நகரத்தைக் காட்டுகிறேன் என்று சாக்கடையையும் குப்பையையும் கழுவித் துடைத்துவிட்டார்கள் என்றார் ஒரு பெரியவர். அவர் மகள், "அழகா காட்டினாலும் குறை, அசிங்கமா காட்டினாலும் குறை, வாங்கப்பா" என்று இழுத்துக்கொண்டு போனாள். கடைசிக் கதை மட்டும் எல்லாருக்கும் பிடித்திருந்தது. ஆனால் ஒரு பேச்சு திரும்பத் திரும்ப வந்தது. மூன்றாவதில் தூக்கம் வந்துவிட்டது.

அடுத்த நாளும் மாலையில் அதே கதைதான். அதற்குள் இன்னொரு சங்கடம் சேர்ந்துகொண்டது. படம் நீளம். ஒரு ஆட்டம் முடிந்து பெருக்கி முடிப்பதற்குள் அடுத்த ஆட்டத்துக்காரர்கள் வந்து வாசலில் நெரிந்தார்கள். தனித்தனிக் கதைதானே, ஒன்றை விட்டுவிட்டு ஓட்டிக்கொள்ளுங்கள் என்று படத்தைக் கொடுத்தவர்களே சொல்லிவிட்டார்களாம். மேனேஜர் நல்ல மனுஷர், சங்கடப்பட்டுக்கொண்டுதான் கேட்டார். எந்தக் கதையை விடலாம் என்பதை நாளைக்கு வாசலே சொல்லட்டும் என்றார்.

அன்றைக்கு வீட்டில் சாப்பாடு இறங்கவில்லை. என் வீட்டுக்காரர் சுலபமாக ஒரு வழி சொன்னார். நாலாவது கதை என்று சொல்லிவிட்டால் போயிற்று, யார் வந்து சாட்சி கேட்கப்போகிறார்கள்? தராசு சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். கொழுந்தனார் தட்டைப் பார்த்தபடியே கேட்டார். "எழுந்து போனாங்களா?"

"போனாங்க."

"நிறைய பேரா?"

"அண்ணிகிட்ட கேளுங்க. டீ ஊத்தினது அவங்கதான்."

நான் கரண்டியைத் தேடுகிற மாதிரி திரும்பிக்கொண்டேன். அவர் கொஞ்சம் சிரித்தார். "பஸ்ஸுன்னா நாலு பேர் இறங்கத்தான் செய்வாங்க" என்றார். ஆனால் மறுசோறு வாங்காமல் எழுந்து கை கழுவிவிட்டார். அந்த மனுஷன் தன் வாழ்நாளில் ஆசைப்பட்டது இந்த ஒன்றுக்குத்தான். அதுவும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

பாத்திரம் துலக்கும்போது எனக்கு மனசு கேட்கவில்லை. பொய் சொல் என்று சொல்ல என் நாக்கு எழாது, சாமி கும்பிடுகிற வாய். அதனால் சுற்றி வளைத்து, இந்த ஒரு தடவை உடம்பு சரியில்லை என்று லீவு போட்டால் என்ன என்று கேட்டேன். அவள் குழாயை மூடிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அக்கா, அந்த வாசல்ல நிக்கிறது நான் இல்ல, என் காது. அதுக்குப் புருஷனும் கிடையாது, கொழுந்தனும் கிடையாது."

 ஆனால் மாடிக்குப் போகும்போது அவள் படியில் ஒரு நிமிஷம் உட்கார்ந்துவிட்டுத்தான் ஏறினாள். அதையும் பார்த்தேன்.

மறுநாள் மேனேஜர் இறங்கி வந்தார். நான் அடுப்பைச் சிறியதாக்கிக் கேட்டுக்கொண்டிருந்தேன். தராசு கையைக் கட்டிக்கொண்டு, மாலையிலும் இரவிலும் வருகிறவர்களுக்கு மூன்றாவது கதை பாரமாக இருக்கிறது, எழுந்து போகிறார்கள், திட்டுகிறார்கள் என்று ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். பஸ் ஸ்டாப் ஜோக்கைக்கூட விடவில்லை. மேனேஜர் தலையை ஆட்டிவிட்டு, "சரிம்மா, மனசுல வச்சுக்காதீங்க" என்று திரும்பினார்.

"இன்னும் முடிக்கல சார். காலை ஆட்டம் பாக்கி இருக்கு."

காலை ஆட்டத்தைப் பற்றி எங்கள் தியேட்டரில் யாரும் கேட்பதில்லை. பாதி நாற்காலி காலியாக இருக்கும். இரவு வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில் வருகிறவர்கள்தான் பெரும்பாலும். ஆஸ்பத்திரி நர்ஸுகள், வாட்ச்மேன்கள், ரொட்டி சுடுகிறவர்கள், ஆபீஸ் பெருக்குகிறவர்கள். குளிரூட்டிய இடத்தில் தூங்கத்தான் வருகிறார்கள் என்று கிண்டல் செய்வோம். மூன்றாவது கதைக்கு அவர்களில் ஒருத்தரும் எழுந்து வரவில்லை என்றாள் தராசு. முதல் இரண்டு கதைக்குத் தூங்கினவர்கள்கூட பஸ் சத்தம் கேட்டு விழித்துக்கொண்டார்களாம்.

அப்போதுதான் எனக்கும் உறைத்தது. காலையில் அந்த நேரத்துக்குப் போட்ட டீ வாங்க ஆளில்லாமல் இரண்டு நாளாகக் கறுத்துப்போக, அப்படியே கீழே கொட்டினேன். டீத்தூள்காரன் ஏமாற்றிவிட்டான் என்று அவனைத் திட்டிக்கொண்டிருந்தேன், பாவம்.

மேனேஜர் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "வீட்டுக்காரர் கதைங்கறதால தராசு சாயலையே?" என்று சிரித்துக்கொண்டேதான் கேட்டார். அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. கண் கலங்கியது, குரல் மட்டும் கலங்கவில்லை. நாளைக்குக் காலையில் அவரே வந்து வாசலில் நிற்கட்டும், தான் உள்ளே போய் நாற்காலிக்குத் தூசி தட்டுகிறேன் என்றாள்.

அவர் வந்தார். அதைச் சொல்லியே ஆக வேண்டும், நினைத்திருந்தால் வராமலே இருந்திருக்கலாம். பேன்ட் பாக்கெட்டில் கையை விட்டபடி கதவோரம் நின்றார். கூட்டம் மெல்லக் கலைந்து வந்தது. சட்டையில் மாவு படிந்த ஒருவர், "அந்த மூணாவது ஜன்னல் சீட்டு என்னோடதுடா, தினம் அதுலதான் போவேன்" என்று பக்கத்தில் இருந்தவரை இடித்தார். ஒரு நர்ஸம்மா தன் தோழியிடம், "பிரேக் போட்டதே தெரியலடி. நாம தூங்குறோம்னு நெனச்சுத்தான் அந்த ஆள் அப்படி ஓட்டுவாரு போல" என்றாள். தோழி, டிரைவர் முகத்தை இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் தான் பார்த்ததில்லையே என்று வருத்தப்பட்டாள். ஒரு வாட்ச்மேன் தாத்தா வாசலில் நின்று திரும்பி, வெள்ளையாகிவிட்ட திரையை ஒரு தரம் பார்த்துவிட்டுப் போனார்.

மேனேஜர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மேலே போய் ஆபரேட்டரிடம் சொல்லிவிட்டார். காலை ஆட்டத்துக்கு ஐந்து கதை. மற்ற ஆட்டங்களுக்கு நாலு.

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னபோது கொழுந்தனார் முதலில் கேட்டது, மாலையில் எடுத்துவிட்டார்களா என்றுதான். எடுத்துவிட்டார்கள், நான்தான் சொன்னேன் என்றாள் தராசு. அவர், "சரியாத்தான் சொல்லியிருக்க. நம்ம பாஸஞ்சர் காலையிலதானே" என்றார். அன்றைக்கு இரண்டாவது தரமும் சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

வார விடுமுறை அன்று வெளுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு காலை ஆட்டத்துக்கு வந்தார். யாருக்கும் அவரைத் தெரியாது. கையைப் பார்த்தாவது யாராவது கண்டுபிடிக்க மாட்டார்களா என்று எனக்கு ஆசை. அவரோ இரண்டு கையையும் அக்குளில் சொருகிக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்துகொண்டார். மூன்றாவது கதைக்கு நானும் அடுப்பை அணைத்துவிட்டு உள்ளே போய்ச் சுவரோரம் நின்றேன். திரை முழுக்க அந்தக் கைகள். இந்தக் கைக்கு நான் எத்தனையோ நாள் சோறு போட்டிருக்கிறேன், இவ்வளவு அழகான கை என்று ஒரு நாளும் பார்த்ததில்லை. சத்தமில்லாமல் கடவுளுக்கு நன்றி சொன்னேன். அத்தனை பேரும் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

படம் முடிந்து அவர் கூட்டத்தோடு கூட்டமாக வெளியே வந்தார். தராசு கதவைப் பிடித்தபடி நின்றாள். மற்றவர்களுக்கு எப்படியோ அப்படித்தான் அவருக்கும் வழிவிட்டாள். எப்படி இருந்தது என்று கேட்கவில்லை. அவள் யாரையும் கேட்க மாட்டாள். அவராகவே அவள் அருகில் நின்று மெதுவாகச் சொன்னார். "ஆஸ்பத்திரி ஸ்டாப்புல இன்னும் கொஞ்சம் முன்னால கொண்டுபோய் நிறுத்தியிருக்கணும். அந்தம்மா தேங்கின தண்ணியில கால வச்சு இறங்குறாங்க, பாவம்."

சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

கூட்டம் போனதும் மேனேஜர் மாடிப்படியில் நின்றபடியே இன்றைக்கு வாசல் என்ன சொல்லுது என்று கேட்டார். தராசு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"எல்லாருக்கும் பிடிச்சிருக்கு சார். ஒரே ஒருத்தர் மட்டும் குறை சொல்லிட்டுப் போறார். டிரைவர் இன்னும் கவனமா ஓட்டியிருக்கணுமாம்."