கோபாலசாமி போட்ட கையெழுத்து

சலாலாவில் அல் லுபான் கிளப்பின் பிசியோதெரபிஸ்ட் கோபாலசாமியை ஆட்டக்காரர்கள் டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஆரம்பத்தில் திருத்திப் பார்த்தார். ஆறு வருஷத்தில் அதையும் விட்டுவிட்டார். கோவையில் பக்கவாதக்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தவர் ஓமான் நாட்டின் முதல் நிலை லீகில் ஆடும் அணியின் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார் என்பதில் அவருக்கு உள்ளூர ஒரு பெருமை உண்டு.

அந்த சீசனின் தொடக்கமே சரியில்லை. பன்னிரண்டு அணிகளில் கடைசி இரண்டும் கீழ் லீகுக்கு இறங்கிவிடும். டிசம்பர் வரைக்கும் அல் லுபான்தான் கடைசியில் கிடந்தது. மஸ்கட்டில் தோற்றுவிட்டு ஆயிரம் கிலோமீட்டர் பஸ்ஸில் திரும்பும்போது யாரும் யாரோடும் பேச மாட்டார்கள்.

ஜனவரியில் கினி நாட்டிலிருந்து இப்ராஹிமா வந்தான். இருபத்தாறு வயது, பிரெஞ்சும் உடைந்த இங்கிலீஷும் பேசுவான். ஒன்பது ஆட்டத்தில் ஏழு கோல் போட்டு அணியை மேலே தூக்கினான். வெள்ளிக்கிழமை மத்தியானம் கோபாலசாமி வீட்டில்தான் சாப்பாடு. அவர் மனைவி ஜோதிமணி செய்யும் அரிசிம்பருப்பு சாதத்தை இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, அவளை 'மமோ' என்பான். அவன் ஊரில் அம்மாவை அப்படிக் கூப்பிடுவார்களாம்.

கடைசி ஆட்டத்துக்கு ஐந்து நாள் முன்பு பயிற்சியில் அவனுடைய வலது முழங்கால் மடங்கியது. கோபாலசாமி அவனை மேஜையில் படுக்கவைத்து, தொடையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு கெண்டைக்காலை முன்னால் இழுத்துப் பார்த்தார். வரக்கூடாத தூரத்துக்கு அது வந்தது. உள்ளே தசைநார் பாதி அறுந்திருந்தது.

கிளப் மேனேஜரை எல்லாரும் 'முதீர்' என்பார்கள். கோபாலசாமி நேராக அவரிடம் போனார்.

"இவன் ஆடக்கூடாது சார். ஸ்கேன் எடுக்கணும்."

"ஸ்கேன் மாஃபி, கிடையாது. எடுத்தா பேப்பர்ல வந்துடும்."

"இப்ப ஆடினா முழுசா அறுந்துரும் சார்."

"டிரா ஆனாலே நமக்குப் போதும். தோத்தா கிளப் கீழே போயிடும். கீழே போனா இத்தனை ஸ்டாஃப் எதுக்கு?" என்றார் முதீர். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "மகள் இப்ப எந்த கிளாஸ்?" என்று கேட்டார்.

"மஹதியா? பன்னெண்டாவது."

"நல்லா படிக்கட்டும்" என்று சொல்லிக்கொண்டே உடல்தகுதிப் படிவத்தைக் கோபாலசாமி பக்கம் நகர்த்தினார். மிரட்டல் என்று எடுத்துக்காட்ட அதில் ஒரு வார்த்தையும் இல்லை. ஜூனில் குடும்பத்தின் விசாவைக் கிளப்தான் புதுப்பித்துத் தர வேண்டும். காயம் எதுவும் இல்லை என்ற கட்டத்தில் டிக் அடித்துக் கோபாலசாமி கையெழுத்துப் போட்டார்.

ஆட்டத்தன்று முழங்காலுக்கு டேப் சுற்றிக்கொண்டிருந்தபோது இப்ராஹிமா கேட்டான். "டாக்டர், உண்மையைச் சொல்லுங்க. இது என் கால் மாதிரியே இல்ல. ஆடலாமா?"

"ஆடலாம்."

"நீங்க சொன்னா சரி."

இரண்டாம் பாதியில் ஒரு உயரப் பந்துக்கு எகிறிக் குதித்தவன் கீழே இறங்கியதும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு சரிந்தான். பக்கத்தில் யாருமே இல்லை. பையைத் தூக்கிக்கொண்டு ஓடும்போதே தசைநார் முழுசாக அறுந்துவிட்டது என்று கோபாலசாமிக்குத் தெரிந்துவிட்டது. ஆட்டம் கோலில்லாமல் முடிந்தது. கிளப் தப்பித்துவிட்டது. வெளியே ரோட்டில் கார்கள் ஹாரன் அடித்துக்கொண்டே போயின. உள்ளே ஐஸ் பொட்டலத்தை அழுத்திப் பிடித்தபடி அவர் குனிந்தே உட்கார்ந்திருந்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை இப்ராஹிமா ஊன்றுகோலோடு வந்தான். கிளப் கொடுத்த இங்கிலீஷ் கடிதம் ஒன்று கையில் இருந்தது. படித்துச் சொல்லச் சொன்னான். பழைய காயத்தை மறைத்து ஆடியதால் ஒப்பந்தம் ரத்து, ஆபரேஷனுக்குக் கிளப் பொறுப்பில்லை என்று எழுதியிருந்தது. அதையெல்லாம் படித்துச் சொன்ன கோபாலசாமி ஒரு வரியை மட்டும் விட்டுவிட்டார்.

"நான் எதையும் மறைக்கலையே. உங்ககிட்ட சொன்னேனே, டாக்டர்" என்றான் இப்ராஹிமா. "சரி, உங்களால முடிஞ்சதை நீங்க செஞ்சீங்க."

சாதத்தை வைத்துவிட்டு ஜோதிமணி கடிதத்தை எடுத்துப் பார்த்தாள். நின்றபடியே கடைசி வரை படித்தாள்.

"ஏனுங்க, காயம் இல்லைன்னு நீங்க கையெழுத்துப் போட்டதா இதுல இருக்குதுங்களே."

"அப்புறம் பேசிக்கலாம்."

"இந்தப் பையனுக்கு அது தெரியுமுங்களா?"

இப்ராஹிமா இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சிரித்தான். "மமோ என்ன சொல்றாங்க?"

"இன்னும் கொஞ்சம் சாதம் போட்டுக்கச் சொல்றா" என்றார் கோபாலசாமி.

ஜோதிமணி அடுப்படிக்குள் போய்விட்டாள். அவன் கிளம்பும் வரை வெளியே வரவில்லை.

செவ்வாய்க்கிழமை அவனை விமானம் ஏற்றிவிட்டார்கள். ஜூனில் விசா வந்தது, இரண்டு வருஷத்துக்கு. ஆகஸ்டில் சலாலா சாரலில் நனைந்துகொண்டிருந்தபோது, இப்ராஹிமாவுக்காக வாதாடும் ஆட்டக்காரர் சங்கத்திலிருந்து கோபாலசாமிக்கு ஒரு மெயில் வந்தது. ஆட்டத்துக்கு முன்பே அந்த முழங்காலில் காயம் இருந்ததா, கிளப்புக்கு அது தெரியுமா என்று கேட்டிருந்தார்கள். நான்கு நாள் அதைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். ஐந்தாம் நாள், படிவத்தில் உள்ளதே சரி என்று ஒரு வரி எழுதி அனுப்பிவிட்டு டியூட்டிக்குக் கிளம்பினார்.