சிக்கந்தர் பாய் பரப்பி வைத்த நீலத் துணிகள்

செவ்வாய்க்கிழமை காலை. பழங்காநத்தத்தில் என் மெடிக்கல் கடையின் ஷட்டரை முழுதாகத் தூக்கக்கூட இல்லை, ரைபிள் கிளப் செயலாளரிடமிருந்து போன் வந்தது. “அக்கா, பாய் தவறிட்டாரு. விடியக்காலம் நெஞ்சு வலின்னிருக்காரு. அம்புட்டுத்தான்.” “எந்தப் பாய்?” என்று கேட்டேன். எந்தப் பாய் என்று தெரிந்தேதான் கேட்டேன். வேறு யாராகவாவது இருக்கக் கூடாதா என்கிற நப்பாசை.

சிக்கந்தர் பாயைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தெற்கு மாசி வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் தையல் மெஷின் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒத்தக்கடையைத் தாண்டி இருக்கும் எங்கள் கிளப்புக்கு வந்து துப்பாக்கிகளைப் பராமரிப்பார். இத்தனை வருடங்களில் ஒரு குண்டுகூடச் சுட்டதில்லை. கேட்டால், “சமைக்கிறவன் பந்தியில உக்காரக் கூடாதும்மா” என்பார்.

முப்பத்தெட்டு வயதில் நான் அந்தக் கிளப்பில் சேர்ந்தபோது என் மாமியார், “மாத்திரை வித்தது பத்தாதுன்னு வேட்டு வேறயா?” என்று கேட்டார். கிளப்பில் இருந்தவர்களும் அதையேதான் வேறு மாதிரி கேட்டார்கள். பாய் மட்டும், “வலது கண்ணா, இடது கண்ணாம்மா?” என்று விசாரித்துவிட்டு ரைபிளை எடுத்துவரப் போனார்.

பெரிய ரைபிளில் சுடும் குண்டுக்குச் செம்பு உறை உண்டு. சுடச்சுட அந்தச் செம்பு இம்மி இம்மியாகக் குழலுக்குள், அதாவது பேரலுக்குள், ஒட்டிக்கொள்ளும். அப்புறம் குண்டு சொன்ன பேச்சுக் கேட்காது. கரியைத் துடைப்பது சுலபம், செம்பு அப்படிப் போகாது. மூக்கைத் துளைக்கும் நெடியுள்ள ஒரு மருந்தில் துணித்துண்டை நனைத்து, கம்பியால் குழலுக்குள் தள்ளினால் செம்பு கரைந்து துணி நீலமாக வெளியே வரும். வெள்ளையாக வரும்வரை தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். பெரும்பாலானோர் கரி போனதும் கையைக் கழுவிவிடுவார்கள். பாய் விடமாட்டார். “பல்லு வெளக்குறது வேற, பல்லுக்கறை எடுக்குறது வேற” என்று சொல்லிக்கொண்டே அரை நாள் உட்கார்ந்திருப்பார்.

கொரோனா வந்து போய், கிளப்பை மறுபடி திறந்த வருடம் எனக்குச் சனி பிடித்தது. அதுவரை இலக்கு அட்டையில் உள்ளங்கை அளவுக்குள் அடங்கிய என் ஐந்து குண்டுகளும் சாப்பாட்டுத் தட்டு அளவுக்குச் சிதறின. மாநிலப் போட்டிக்கு எங்கள் அணியில் ஒரே ஓர் இடம்தான் பாக்கி. அது எனக்குத்தான் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள், நானும்தான். கிளப்பின் அந்தப் பெரிய ரைபிளைச் சுடுகிறவள் நான் ஒருத்தி. மற்றவர்களிடம் சொந்தத் துப்பாக்கி இருந்தது. ஆகவே கோளாறு ரைபிளிலா என்னிடமா என்று கேள்வி வந்தது.

எனக்குக் கோபம் மூக்கு நுனியில். எல்லோர் முன்னாலும் பாயிடம் கத்தினேன். “ஒழுங்காத் தொடச்சீங்களா, ஒப்புக்குத் தொடச்சீங்களா?”

அவர் முகம் சுண்டிப்போனது. துணியை நனைத்துக் குழலுக்குள் தள்ளி, வெளியே வந்ததை என்னிடம் நீட்டினார். “பாருங்கம்மா, பால் மாதிரி வெள்ளையா வருது. பேரல்ல ஒண்ணும் இல்லை.”

பாய் சொல்லிவிட்டால் கிளப்பில் மறுபேச்சு கிடையாது. குழல் சுத்தம் என்றால் கெட்டது என் கண். செயலாளர் தயங்கித் தயங்கி, “அக்கா, வயசாகுதுல்ல? கண் டாக்டரைப் பாருங்க. அடுத்த ஞாயிறு கடைசியா ஒருவாட்டி சுட்டுப் பாப்போம்” என்றார். டாக்டர் ஒன்றும் இல்லை என்றார். நான் நம்பவில்லை. கடையில் மாத்திரை அட்டையில் போட்டிருப்பது ஐந்தா ஐம்பதா என்று மூன்று முறை படிக்க ஆரம்பித்தேன். புதன்கிழமை பிரஷர் மாத்திரை வாங்க வந்த பாய் அதைப் பார்த்தார். மாத்திரையை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது எல்லோருக்கும் முன்பே வந்திருந்தார். மேசைமேல் பழைய செய்தித்தாளை விரித்து, முப்பது முப்பத்தைந்து துணித்துண்டுகளை வரிசையாகப் பரப்பியிருந்தார். முதல் துண்டு மயில் கழுத்து நிறம். போகப் போக நீலம் வெளுத்து, கடைசித் துண்டு வெள்ளை. செயலாளரைக் கூப்பிட்டு எல்லோரையும் வரச் சொன்னார்.

“அம்மா கண்ணுல ஒரு கோளாறும் இல்லை. தப்பு என்னோடது. கொரோனாவுல எனக்கு மூக்கு செத்துப்போச்சு. வாசம் தெரியாது. மருந்து பாட்டில் மூடி சரியா மூடாமக் கெடந்து வீரியம் போயிருக்கு, அது எனக்குத் தெரியலை. பச்சத்தண்ணியில தொடச்சா துணி வெள்ளையாத்தானே வரும்? அதைச் சுத்தம்னு சொல்லிட்டேன். புது மருந்து போட்டுத் தொடச்சதும் பாருங்க, இம்புட்டு நீலம். மூக்கு போனதை உங்க யாருகிட்டயும் சொல்லலை. அது ரெண்டாவது தப்பு.”

புதன்கிழமை என் கடையிலிருந்து போனவருக்கு மனது ஆறவில்லையாம். மறுநாள் அந்தப் பாட்டிலை வீட்டுக்கு எடுத்துப்போய்த் திறந்து வைத்துக்கொண்டு யோசித்தாராம். அந்த நெடிக்கு எப்போதும் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு திட்டுகிற அவர் மனைவி மும்தாஜ் அக்கா, பக்கத்திலேயே உட்கார்ந்து தன் பாட்டுக்குப் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாராம். மருந்தில் நெடியே இல்லை என்பது அப்போதுதான் பிடிபட்டிருக்கிறது.

ரைபிளை என் கையில் கொடுத்து, “மொத ரெண்டு குண்டு எங்கயாச்சும் போகும், கண்டுக்காதீங்க. கழுவுன பேரல் செத்த நேரம் முரண்டு பிடிக்கும். மூணாவதுல இருந்து எண்ணுங்க” என்றார். அப்படியே ஆயிற்று. மூன்றாவதிலிருந்து ஐந்து குண்டும் உள்ளங்கைக்குள். அணியில் என் பெயர் நின்றது. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. “மூக்கு இல்லாம பிரியாணி எப்படிப் பாய் எறங்குது?” என்று வேறு சீண்டினேன். “எங்க வீட்டுச் சமையலுக்கு அது ஒரு வசதிம்மா” என்று சிரித்தார். அதன்பிறகு மருந்தைத் திறந்ததும் பக்கத்தில் யார் இருந்தாலும் பாட்டிலை நீட்டி, “மோந்து சொல்லுங்க” என்பார். மனுஷனுக்கு உண்மை சொல்வது இவ்வளவு சுலபமா என்று நான் வியந்ததுண்டு.

செவ்வாய்க்கிழமை மாலை பாயின் உடலோடு ஜனாஸா புறப்பட்டு ஆண்கள் அடக்கத்துக்குப் போன பிறகு, வீட்டில் பெண்களோடு உட்கார்ந்திருந்தேன். மும்தாஜ் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“ஒங்க எல்லாருகிட்டயும் மூக்கைப் பத்திச் சொன்னாகளே, அந்த ஞாயித்துக்கெழமை போகாதீகன்னு வாசல்ல மறிச்சவளே நாந்தான் தங்கச்சி. வேற ஊருல ஒரு பெரிய கிளப்புல இவுகளை நிரந்தர வேலைக்குக் கூப்புட்டிருந்தாக. மூக்கு போனது வெளிய தெரிஞ்சா எவன் வேலை குடுப்பான்னு கேட்டேன். ‘மருந்து குடுக்குற பொம்பள தன் கண்ணையே நம்பாம நிக்கிது, நான் எப்படி வாயை மூடிக்கிட்டு இருக்குறது’ன்னுட்டுப் போயிட்டாக. அந்த வாரமே வேலை இல்லைன்னு போன் வந்துருச்சு.”

“எனக்குத் தெரியாதேக்கா” என்றேன்.

“ஒங்ககிட்ட மூச்சு விடக் கூடாதுன்னுட்டாக. தெரிஞ்சா நீங்க நிம்மதியாச் சுட மாட்டீகளாம்.”

சிக்கந்தர் பாய், நீங்கள் நினைத்தபடியே நான் இத்தனை நாளும் நிம்மதியாகத்தான் சுட்டேன். ஒப்புக்குத் தொடச்சீங்களா என்று உங்களைக் கேட்டதற்கு ஒருநாளும் மன்னிப்புக் கேட்கவில்லை. அன்று அந்தக் கேள்வியை எல்லோர் முன்னாலும் கேட்டேன். இந்த மன்னிப்பையும் எல்லோரும் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். என்னை மன்னித்துவிடுங்கள் பாய்.