துண்டுக்கடியில் பார்க்காதது

நல்லேப்பிள்ளி குப்பண்ணனுக்குக் கோபம் மூக்கின் மேலேயே இருக்கும். நெல் வயலும் நாலு மாடும் வைத்துப் பிழைக்கும் மனுசர்தான். ஆனாலும் ஏட்டு மணிகண்டன் மேல் புகார் எழுதிக் கொடுத்தது அந்தப் பாழாய்ப்போன கோபத்தில்தான்.

வண்டியில் மாடு கூடுதலாக ஏற்றினார் என்று வேலந்தாவளம் சந்தை வாசலில் மணிகண்டன் அவரை இரண்டு மணி நேரம் வெயிலில் நிறுத்திவிட்டார். அடுத்த சந்தையில் அதே மணிகண்டன், தரகர் அருள்குமாரின் துண்டுக்கடியில் கைவிட்டு நின்றார். துண்டை மூடி விரல் பிடித்து மாட்டுக்கு விலை பேசுவது குப்பண்ணனுக்குத் தெரியாததா? காக்கிச் சட்டைக்கு மாடு எதற்கு என்று கோபம் கேட்டது. ‘லஞ்சப் பணம் கைமாறியதைக் கண்ணால் கண்டேன்’ என்று எழுதிக் கொடுத்தார். அதோடு விட்டாரா, சந்தை முழுக்கத் தமுக்கடித்தார். மணிகண்டன் சஸ்பெண்ட் ஆனார்.

மூன்று வாரம் கழித்து அருள்குமார் குப்பண்ணன் வீட்டுக்கு ஒரு கிடாரியை விற்க ஓட்டி வந்தார்.

“மணிகண்டன் சாரு ஊட்டுக்குன்னு பேசி முடிச்ச கிடாரிங்க. வேலையே போற நேரத்துல வேண்டாம்னுட்டாருங்க.”

அன்று துண்டுக்கடியில் நடந்தது மாட்டு விலைப் பேச்சுதான் என்று குப்பண்ணனுக்கு அப்போதுதான் உறைத்தது.

விசாரணைக்குக் கிளம்பும்போது மனைவி காளியாத்தாள் வழிமறித்தாள். “பாத்தேன்னே சாதிச்சுப்போடுங்க. மாத்திச் சொன்னா உள்ள தூக்கிப் போட்டுருவாங்க.”

அவள் பயந்ததும் நியாயம்தான். தரகர் பேச்சை யார் நம்பப்போகிறார்கள்? இவர் அசையாமல் நின்றால் இவர் தப்பிப்பார், மணிகண்டனுக்கு வேலை போகும்.

விசாரணை அதிகாரியம்மா புகார்க் காகிதத்தைத் தட்டி, மலையாளம் கலந்த தமிழில் கேட்டார். “பணத்தைக் கண்ணால பாத்தீங்களா? சத்யம் சொல்லணும். பராதி பொய்யானா உங்க மேல கேஸ் வரும்.”

கதவோரப் பெஞ்சில் மணிகண்டன் குனிந்தபடி உட்கார்ந்திருந்தார். பார்த்தேன் என்ற சொல் குப்பண்ணனின் நுனிநாக்குவரை வந்துவிட்டது.

“இல்லீங்க. கையத்தான் பாத்தேன், பணத்தைப் பாக்கலீங்க. கோவத்துல எழுதிப்போட்டேனுங்க.”

பொய்ப் புகாருக்கு அவர் மேல் வழக்கு என்று அதிகாரியம்மா எழுதிக்கொண்டார். குப்பண்ணன் கையெழுத்துப் போட்டுவிட்டு மணிகண்டன் முன்னால் போய் நின்றார்.

“மன்னிச்சுருங்க.”

“இதை இங்க ரெண்டு பேருதான் கேட்டோம்” என்றார் மணிகண்டன். “நான் வாங்குனேன்னு நீங்க சொன்னதைச் சந்தையே கேட்டுச்சுங்க.”

அடுத்த சந்தையில் குப்பண்ணன் நட்டநடுவில் நின்று தொண்டை கிழியக் கத்தினார். “மணிகண்டன் சாரு கை நீட்டலீங்க! நாஞ்சொன்னது பொய்யிங்க!”

பேரங்கள் நின்றன. மாட்டுக் கயிற்றைப் பிடித்திருந்த ஒருவன் சிரித்தான்.

“ஏனுங்க குப்பண்ணா, இப்புடிச் சொல்றதுக்கு அந்தாளு எவ்வளவு குடுத்தாரு?”

“சத்தியமா நான் ஒண்ணும் வாங்கலீங்க” என்றார் குப்பண்ணன். ஒருவரும் நம்பவில்லை.