பத்தாம் ஷெட்டில் நழுவிய பெட்டி

மதுரையில் எங்கள் தெருவில் எல்லார் வீட்டிலும் சௌராஷ்டிரம்தான் பேசுவோம். பட்டு, சாயம், ஜவுளிக்கடை என்று ஏதாவது ஒன்றில் இருப்பார்கள். நான் ராணுவ வெடிமருந்துக் கிடங்கில் ஸ்டோர்கீப்பராகச் சேர்ந்தபோது, தினமும் துப்பாக்கி சுட வேண்டியிருக்குமா என்று சித்தி கேட்டாள். இத்தனை வருஷத்தில் நான் துப்பாக்கியைத் தொட்டதில்லை. ஷெட்டைத் திறப்பது, உள்ளே போவதையும் வெளியே வருவதையும் எழுதுவது, வெப்பமானியைப் பார்ப்பது, திரும்பப் பூட்டி அரக்கு முத்திரை வைப்பது, இவ்வளவுதான் என் வேலை.

கிடங்கு மேலூருக்கு அப்பால் ஒரு பொட்டலில் இருக்கிறது. சரியான இடத்தை எழுத எனக்கு அனுமதியில்லை. ஒரு ஷெட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே மண்மேடு. ஒன்று வெடித்தால் அடுத்தது பிழைக்க வேண்டும் என்பதற்காக அந்த மேடு. காவலுக்குப் பட்டாளத்துக்காரர்கள், தீயணைப்புக்கு ஒரு குழு, மேலே ஓர் அதிகாரி. மற்றபடி பெட்டி தூக்குகிறவர்களும் புல் வெட்டுகிறவர்களும் சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள். கோடையில் புல் வெட்டுவதுதான் பெரிய வேலை. காய்ந்த புல்லுக்குப் பயப்படுகிற அளவு நாங்கள் குண்டுக்குப் பயப்படுவதில்லை.

பெட்டி தூக்கும் ஆட்களுக்கு மேஸ்திரியாக இருந்தவர் திருவாதவூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். விடிகாலையில் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டு வேலைக்கு வருவார். நான் அவரை அண்ணே என்பேன், அவர் என்னை அம்மா என்பார். புதிதாகச் சேர்ந்த நாட்களில், இடி கேட்டால் கையிலிருக்கும் வேலையை அப்படியே விட்டு வெளியே வந்துவிட வேண்டும் என்பதை அவர்தான் இரண்டு தடவை என்னை இழுக்காத குறையாகக் கூட்டிவந்து பழக்கினார். பெட்டியை இழுக்கக் கூடாது, உருட்டக் கூடாது. இரண்டு பேர், ஆளுக்கு ஒரு பக்கக் கயிற்றைப் பிடித்து, ஒரே நேரத்தில் தூக்கி ஒரே நேரத்தில் இறக்க வேண்டும். ஆள் குறைந்தால் அவரே ஒரு பக்கம் பிடிப்பார்.

ஓய்வுபெற அவருக்கு ஒரு வருஷம் இருந்தபோது அவர் கை நடுங்குவதைக் கவனித்தேன். கையெழுத்துப் போடும்போது பேனா தாளில் இரண்டு முறை தட்டும். உடம்பும் இளைத்திருந்தது. வயசாகிறது, வெயிலில் வேறு உழைக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் தூக்குகிற வேலையிலிருந்து எடுத்துவிடுவார்கள். ஒரு வருஷம்தானே என்று இருந்துவிட்டேன்.

பங்குனி மாதம் ஒரு முற்பகலில் பத்தாம் ஷெட்டில் பெட்டி மாற்றிக்கொண்டிருந்தோம். நான் வாசலில் நின்று எழுதிக்கொண்டிருந்தேன். அன்று ஆள் குறைவு, மேஸ்திரி ஒரு பக்கம் பிடித்திருந்தார். முழங்கால் உயரத்தில் அவர் பக்கத்துக் கயிறு கையைவிட்டு நழுவியது. பெட்டியின் ஒரு முனை தரையில் மோதியது. சத்தம் பெரிதில்லை. யாரும் கத்தவில்லை. விதிப்படி அதை அப்படியே விட்டுவிட்டு, ஓடாமல், ஒவ்வொருவராக வெளியே நடந்தோம். மண்மேட்டுக்குப் பின்னால் வந்த பிறகு பதிவேட்டைத் திறந்தேன்.

“என் கைதாம்மா விட்ருச்சு. அப்படியே எழுதிக்கங்க,” என்றார் அவர்.

நிபுணர்கள் வந்து பெட்டியைத் தனியே எடுத்துப் போய்ச் சோதித்தார்கள். உள்ளே ஒன்றும் ஆகியிருக்கவில்லை. மறுநாள் விசாரணையில் அதிகாரி என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: இவர் கை நடுங்குவதை இதற்கு முன் பார்த்திருக்கிறீர்களா? மேஸ்திரி எனக்கு எதிரில்தான் உட்கார்ந்திருந்தார். சில மாதங்களாகவே பார்க்கிறேன் என்று சொன்னேன். அது வாக்குமூலத்தில் ஏறியது. தெரிந்தும் தெரிவிக்காததற்கு எனக்கு ஒரு மெமோ வந்தது. அவரை ஷெட் வேலையிலிருந்து எடுத்து, தீயணைப்புக் கொட்டகையில் மணல் வாளிகளையும் தண்ணீர்த் தொட்டியையும் பார்த்துக்கொள்ளும் வேலையில் போட்டார்கள். மருத்துவப் பரிசோதனைக்கும் அனுப்பினார்கள்.

அதன்பின் அவர் என்னோடு பேசவில்லை. வணக்கம் சொன்னால் தலையை மட்டும் அசைப்பார். நான் அவரைக் காட்டிக்கொடுத்துவிட்டதாக நினைக்கிறார் என்றே எடுத்துக்கொண்டேன். பொய் சொல்லியிருக்க முடியாது என்று எனக்கு நானே பலமுறை சொல்லிப் பார்த்தேன்.

ஒன்றரை மாதம் கழித்து, சாப்பாட்டு நேரத்தில், தூக்குவாளியோடு போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். விசாரணையில் நான் வேறென்ன சொல்லியிருக்க முடியும் என்று கேட்டேன். அவர் சோற்றைப் பிசைவதை நிறுத்தினார்.

“அங்க சொன்னதுக்கு எனக்கு என்னம்மா கோவம்? தைராய்டாம். கை நடுங்குனதும் எளைச்சதும் அதுனாலதானாம். மாத்திரை போட்டா சரியாயிருமாம். அம்புட்டு நாளா பாத்துட்டு இருந்தீங்கள்ல, என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?”

அதிகாரியிடம் சொல்வதா, வேண்டாமா என்று மட்டும்தான் அத்தனை மாதமும் யோசித்திருக்கிறேன். அவரிடமே கேட்கலாம் என்று ஒருநாளும் தோன்றவில்லை. தப்புத்தாண்ணே என்றேன். அவர் தன் டப்பாவிலிருந்த கத்தரிக்காய் வதக்கலை என் பக்கம் நகர்த்தினார்.

மாத்திரையில் நாலைந்து மாதத்தில் நடுக்கம் போய்விட்டது. பழைய வேலையைக் கேட்டு எழுதிக் கொடுத்தார். டாக்டர் சரி என்றார், அதிகாரி சம்மதிக்கவில்லை. தீயணைப்புக் கொட்டகையிலேயே மிச்ச நாளையும் முடித்தார்.

கடைசி நாள் மாலை போட்டு, போட்டோ எடுத்து, பேசி முடித்தபின் என்னோடு பத்தாம் ஷெட் வரை நடந்து வந்தார். உள்ளே வர அவருக்கு அனுமதியில்லை. மண்மேட்டோரமாக நின்று, இப்போது உள்ளே என்ன அடுக்கியிருக்கிறது என்று கேட்டார். சொல்லக் கூடாதுண்ணே என்றேன். அதுவும் சரிதான் என்று சொல்லிவிட்டு, மேலூர் பஸ்ஸைப் பிடிக்கக் கிடங்கு வாசலை நோக்கி நடந்தார்.