டிவியில் வாங்கிய காது

ஏழுமலையின் கல்யாணத்தைக் கெடுத்தவன் நான். ஜாதகம் இல்லை, தோஷம் இல்லை, களம்பூர்ப் பெண்வீட்டாரின் பேராசையும் இல்லை. நான்தான்!

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் நல்ல குணங்களையெல்லாம் முன்னால் பரப்பிக் காட்டிவிட்டு, கடைசியில் குற்றத்தை மெதுவாக அவிழ்க்கிற ஆள் நானில்லை... இல்லை, இதுவும் பொய். நான் அப்படிப்பட்ட ஆள்தான். இத்தனை வருடமும் மனத்துக்குள் அப்படித்தான் சொல்லிப் பார்த்திருக்கிறேன். இன்று ஒரு முறையாவது நேராகச் சொல்ல முடிகிறதா என்று பார்க்கிறேன்.

ஆரணியிலிருந்து சேவூர் போகும் சாலையில் எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தேன். ஒரு கண்ணாடிக் கூண்டு, ஒரு மீட்டர், ஒரு மேசை, மேசைக்குப் பின்னால் நான். பி.காம். பட்டதாரி! தறியும் அரிசி மூட்டையுமாகக் கிடக்கிற ஊரில் இங்கிலீஷில் நாலு வாக்கியம் தடுமாறாமல் பேசத் தெரிந்தவன். எல்லாம் அந்தத் திமிரில்தான் ஆரம்பித்தது.

இரண்டாயிரமாவது ஆண்டு பிறந்த சமயம் அது. கேபிள் டிவியில் மத்தியான வேளைகளில் அந்த விளம்பரங்கள் வரத் தொடங்கியிருந்தன. நீங்களும் பார்த்திருப்பீர்கள். வெள்ளைக்காரி ஒருத்தி வாயை அசைத்து முடித்த பிறகு தமிழ் வரும். "என்னால் நம்பவே முடியவில்லை!" என்பாள். தொப்பை கரைக்கும் பெல்ட், முடி வளர்க்கும் எண்ணெய், உயரம் கூட்டும் செருப்பு, கண் திருஷ்டி போக்கும் டாலர்... கடைக்குப் போகவே வேண்டாம், வீட்டில் உட்கார்ந்தபடியே வாங்கலாம் என்று சொல்லிக் கீழே ஒரு நம்பர் ஓடும்.

வீட்டில் உட்கார்ந்தபடியே! எங்கள் தெருவில் எத்தனை வீட்டில் போன் இருந்தது? நம்பரை உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டு என் பூத்துக்குத்தான் ஓடிவந்தார்கள். அந்தப் பக்கம் எடுக்கிறவர்கள் இந்தியிலோ இங்கிலீஷிலோ பொரிந்து தள்ளுவார்கள். இவர்கள் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு திருதிருவென்று முழிப்பார்கள். ஆகவே நானே பேசி ஆர்டர் கொடுப்பேன். விலாசம்கூட என் பூத்தின் விலாசம்தான். பார்சல் வீட்டுக்குப் போனால் மாமியார் பிரிப்பாள், மச்சினன் பிரிப்பான், பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்ப்பாள். கடைத்தெருவில் வாய்திறந்து கேட்க வெட்கப்பட்ட பொருளைத்தானே டிவியில் வாங்கினார்கள்? வீட்டிலிருந்தே வாங்கும் நாகரிகம் எங்கள் ஊருக்கு வந்த லட்சணம் இதுதான். வாங்கியதும் வீட்டிலிருந்து இல்லை, வந்து சேர்ந்ததும் வீட்டுக்கு இல்லை.

எனக்கு அவர்களைக் கண்டாலே இளக்காரம். மறைத்து என்ன ஆகப்போகிறது? "ரெண்டு மாசமா தடவிகினு இருக்கறேன், ஒரு மயிரும் மொளைக்கலண்ணா" என்று வழுக்கைத் தலையோடு ஒருவன் வந்து நிற்பான். "இன்னும் அழுத்தித் தேய்" என்பேன். அவன் தெருமுனை திரும்பியதும் பாபுவும் நானும் வயிறு வலிக்கச் சிரிப்போம். பாபு என் நண்பன், தெருவுக்குக் கேபிள் இணைப்புக் கொடுக்கிறவன், பாதி நாள் என் பூத்திலேயே கிடப்பவன். முப்பது நாளுக்குள் திருப்பி அனுப்பினால் பணம் வாபஸ் என்று விளம்பரத்தில் சொல்வார்கள். ஒருவர்கூடத் திருப்பி அனுப்பியதில்லை. ஏமாந்ததை இன்னொரு முறை வாய்விட்டுச் சொல்ல வேண்டுமே, அந்தக் கூச்சம்.

வந்த சாமான்களில் ஒன்றாவது சொன்னபடி வேலை செய்ததா? நான் பார்த்தவரை இல்லை. அந்த நிச்சயத்தில்தான் நான்... சரி, வருகிறேன்.

ஏழுமலை பவர்லூம் ஓட்டுகிறவன். பதினைந்து வயதிலிருந்து சேவூர்ப் பக்கம் ஒரே ஷெட். அந்த ஷெட்டுக்குள் ஒரு நிமிடம் போய் நின்று பாருங்கள், தெரியும்! பக்கத்தில் நிற்பவனின் காதோடு வாயை வைத்துக் கத்தினால்தான் பேச்சு. அங்கே காது மந்தமானவனையும் நல்ல காதுக்காரனையும் பிரித்துச் சொல்லவே முடியாது. முப்பது வயதை எட்டுவதற்குள் ஏழுமலைக்குக் காது பாதி போய்விட்டது. அவன் அம்மாவைத் தவிர யாருக்கும் தெரியாது. வெளியில் யாராவது பேசினால் தலையாட்டுவான், சிரித்து வைப்பான், தொண்டை கிழியப் பதில் சொல்வான். தறிக்காரன் பேச்சு அப்படித்தான் இருக்கும் என்று ஊரும் விட்டுவிட்டது.

எனக்கு எப்படித் தெரிந்தது? அவனே வந்து சொன்னான். என்னை நம்பிச் சொன்னான்! அதை நினைத்தால்தான் இன்றும் என்னால் தாங்க முடிவதில்லை.

"அண்ணா, டிவில ஒண்ணு காட்றாங்க. காதுல மாட்டிகினா எதிர் வூட்ல பேசறதுகூடக் கேக்குமாம். அத்த வரவச்சித் தாங்கண்ணா" என்றான் உரக்க. சொன்ன பிறகு பயந்துபோய் சாலையை இரண்டு பக்கமும் பார்த்தான்.

"எதுக்குடா இப்போ?" என்று கையை ஆட்டிக் கேட்டேன்.

"களம்பூர்ல பொண்ணு பாத்துகினு இருக்காங்கண்ணா. போனா தனியா ஒரு பத்து நிமிசம் பேசச் சொல்வாங்களாம். அது மெதுவா பேசுமாம், அம்மா சொல்லிச்சி. என் காது விசயத்த நானே அதுகிட்ட சொல்லிடுவேன். மறைக்க மாட்டேன். ஆனா அதுக்கு அது இன்னா சொல்லுதுன்னு எனக்குக் கேக்கணும்ணா."

அவன் கேட்டது அவ்வளவுதான். ஒரு பெண் அவனைப் பற்றி மெதுவாகச் சொல்லப்போகிற ஒரு வாக்கியம் அவனுக்குக் காதில் விழ வேண்டும். நான் ஆர்டர் கொடுத்தேன். அவன் போனதும் பாபுவிடம், "செவிட்டு மாப்பிள்ளைக்கு டிவியிலிருந்து காது வருது" என்று சொல்லிச் சிரித்தேன்.

பார்சல் வருவதற்குள் களம்பூர் ஆள் வந்துவிட்டார். எங்கள் பக்கத்தில் பெண் கொடுப்பதற்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டுத் தெருவுக்கு வந்து விசாரிப்பார்கள். டீக்கடையில் கேட்பார்கள், மளிகைக் கடையில் கேட்பார்கள், அப்புறம் போன் பேசுகிற சாக்கில் பூத்துக்கு வருவார்கள். பெண்ணின் தாய்மாமன் என்று தன்னைச் சொல்லிக்கொண்டார். ரைஸ் மில்லில் வேலையாம். மரியாதையான மனிதர்.

"ஏழுமலைன்னு ஒரு பையன்... தண்ணி கிண்ணி போடற பழக்கம் ஒண்ணும் இல்லீங்களே?"

"தங்கமான பையங்க" என்றேன். அதோடு என் வாயை மூடியிருக்கலாம். மூடினேனா?

"இன்னொரு சௌகரியமும் இருக்குதுங்க. உங்க பொண்ணு நாள் பூரா திட்டினாலும் வூட்ல சண்டையே வராது."

அவர் விளங்காமல் பார்த்தார். நான் என் காதைத் தொட்டுக் காட்டி, கையை விரித்தேன். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. "நல்ல வேளைங்க, விசாரிச்சது" என்று சொல்லிவிட்டு, போன்கூடப் பேசாமல் பஸ் நிறுத்தம் பக்கம் நடந்தார்.

நான் சொன்னது உண்மைதானே? ஒரு பெண்ணின் வாழ்க்கையல்லவா, மறைப்பது பாவமல்லவா? எத்தனை தடவை இப்படி எனக்கு நானே வக்கீலாக நின்று வாதாடியிருக்கிறேன் தெரியுமா? த்தூ! அந்தப் பெண்மேல் எனக்கு அக்கறை இருந்திருந்தால் பல்லை இளித்துக்கொண்டு சொல்லியிருப்பேனா? பையனே நேரில் சொல்லப்போகிறான், அதற்காகவே கருவி வரவழைக்கிறான் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்க மாட்டேனா? எனக்கு வேண்டியது ஒரு சிரிப்பு. முன்பின் தெரியாத ஒரு களம்பூர்க்காரரிடமிருந்து ஒரே ஒரு சிரிப்பு. அதற்காக ஒருவன் நம்பிச் சொன்னதை எடுத்துக் கொடுத்தேன்.

ஜாதகம் ஒத்துவரவில்லை என்று களம்பூரிலிருந்து சொல்லியனுப்பினார்கள். நல்ல மனிதர்கள், காயப்படுத்தாமல் சொன்னார்கள். ஏழுமலையின் அம்மா படவேட்டு ரேணுகாம்பாளுக்கு வேண்டிக்கொண்டு, தோஷம் கழிக்கப் போய்விட்டு வந்தார். நான் அதையும் பார்த்துக்கொண்டு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன்.

அதற்குப் பிறகுதான் பார்சல் வந்தது. கல்யாணம் தட்டிப்போனாலும் ஏழுமலை ஆசையாகத்தான் வாங்க வந்தான். வீட்டில் பிரித்தால் அண்ணி கேள்வி கேட்பாள் என்று பூத்திலேயே பிரித்தான். பட்டாணி அளவில் ஒரு கருவி, பொத்தான் மாதிரி ஒரு பேட்டரி. காதில் செருகிக்கொண்டு, பாபுவுக்கும் எனக்கும் முதுகு காட்டிச் சாலையைப் பார்த்து நின்று, சின்னத் திருகு ஒன்றை நகத்தால் திருப்பிக்கொண்டிருந்தான்.

பாபு என் பக்கமாகச் சாய்ந்து மெல்லக் கேட்டான். "களம்பூர் சம்பந்தம் இன்னாடா ஆச்சி?"

"எங்க ஆகும்? பொண்ணோட மாமன் இங்கதான வந்து விசாரிச்சான். செவுடுன்னு நான்தான் சொல்லி அனுப்பிச்சேன்."

"டேய்... அவன் எதிர்லயே சொல்றியே!"

"அட போடா. இது டிவி சாமான். இதுல கேட்டுச்சின்னா நான் பூத்தையே மூடிக்கிறேன்."

ஏழுமலையின் கை திருகின்மேல் அப்படியே நின்றது.

சாலையில் ஒரு லாரி போனது. ஒரு சைக்கிள் மணி அடித்தது. அவன் திரும்புவதற்கு எவ்வளவு நேரம் ஆயிற்று என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. திரும்பி என்னைப் பார்த்தான். பாபுவைப் பார்க்கவில்லை, என்னை மட்டும்.

"கேக்குதுண்ணா" என்றான்.

மெதுவாகச் சொன்னான்! எத்தனையோ வருடமாகத் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தவன், தன் குரல் தனக்கே கேட்டதும் சாதாரணமாக, நம்மைப் போல, அடங்கிய குரலில் பேசினான். அவனுக்கு அவ்வளவு இதமான குரல் இருந்தது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

"ஜாதகம் ஒத்துவரலன்னுதான் சொன்னாங்க" என்றான் பிறகு.

அடித்திருக்கலாம். மேசையைக் கவிழ்த்திருக்கலாம். அவன் கருவியைக் காதிலிருந்து எடுத்து, பேட்டரியைக் கழற்றி, பெட்டிக்குள் அது இருந்த பள்ளத்திலேயே சரியாக வைத்து மூடினான். "இது வேணாண்ணா. திருப்பி அனுப்பிச்சிடுங்க." இதைச் சொல்லும்போது பழையபடி கத்தினான். கருவிதான் காதில் இல்லையே!

என் பூத்திலிருந்து திரும்பிப் போன ஒரே சாமான் அது. வேலை செய்த ஒரே சாமானும் அதுதான். கம்பெனிக்கு நான்தான் போன் செய்தேன். எடுத்தவள் என்ன காரணம் சார் என்று மரியாதையாகக் கேட்டாள். நான் என்ன சொல்வேன்? நன்றாகக் கேட்கிறது அம்மா, கேட்கக் கூடாததுகூடக் கேட்டுவிட்டது என்றா? "வேலை செய்யவில்லை" என்றேன். என் இங்கிலீஷில், பிழையில்லாமல்.

பாபு அதற்குப் பிறகு பூத்தில் உட்காருவதை நிறுத்திக்கொண்டான். நானும் கூப்பிடவில்லை. பூத்தை மூடிவிடுவதாகச் சவால் விட்டேனே, மூடினேனா? மானம் ரோஷம் இருக்கிறவன் செய்கிற காரியமல்லவா அது! இன்னும் நாலைந்து வருடம் அதே மேசையில் உட்கார்ந்து, அதே எண்ணெய்க்கும் பெல்ட்டுக்கும் ஆர்டர் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஆளுக்கொரு செல்போன் வந்த பிறகுதான் பூத் படுத்தது. இப்போது அதே இடத்தில் ரீசார்ஜ் கார்டு விற்கிறேன். ஜனங்கள் இப்போது டிவிக்காரனிடம் தாங்களே பேசிக்கொள்கிறார்கள். என்னைப் போன்றவன் நடுவில் இல்லை. அவர்களுக்கு நல்லதுதான்.

ஏழுமலை வேறு பெண் பார்க்கச் சம்மதிக்கவில்லை. வேறு கருவியும் வாங்கவில்லை. அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார், மகனின் ஜாதகத்தைத் திட்டிக்கொண்டே. அவன் அம்மாவிடம் கடைசிவரை விஷயத்தைச் சொல்லவில்லை என்றுதான் நினைக்கிறேன். சொல்லியிருந்தால் அந்த அம்மா என் கடை வாசலில் வந்து மண்ணை வாரித் தூற்றியிருப்பார். அவன் அதே ஷெட்டில்தான் ஓட்டுகிறான். மிச்சமிருந்த காதும் போய்விட்டது.

எழுதிக் கொடுத்து மன்னிப்புக் கேட்கலாமே என்பீர்கள். எழுதினேனே! நீங்கள் படித்துக்கொண்டிருப்பது அதுதான். அவனிடம் கொடுத்தால் என் கையெழுத்து அவன் வீட்டில் கிடக்கும், நாலு பேர் படிப்பார்கள்... பேர் தெரியாத உங்களிடம் கொடுப்பது எவ்வளவு வசதி பாருங்கள்.

நேரிலும் ஒரு முறை முயன்றேன். போன வாரம் டீக்கடையில் அவன் தனியாக நின்றிருந்தான். பக்கத்தில் போய், "ஏழுமலை, நான் உனக்குச் செஞ்சது துரோகம்" என்றேன். சாதாரணக் குரலில்தான்.

அவன் என் முகத்தைப் பார்த்தான். "இன்னாண்ணா? சத்தமா சொல்லுங்க!" என்று கத்தினான்.

டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார். பெஞ்சில் இருந்த நாலு பேரும் பார்த்தார்கள். உண்மையிலேயே கேட்கவில்லையா? அல்லது தெருவறியச் சொல்லட்டும் என்று காத்திருந்தானா? அந்த முகத்தில் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அவனுக்குக் கேட்கும்படி சொன்னால் ஊருக்கே கேட்கும். ஊருக்குக் கேட்காமல் சொன்னால் அவனுக்குக் கேட்காது.

அவன் காத்திருந்தான். நான் வாயைத் திறந்தேன், அடிவயிற்றிலிருந்து குரலை எடுத்துக் கத்தினேன்.

"டீ சாப்ட்டியான்னு கேட்டேன்!"

"சாப்ட்டேண்ணா" என்றான்.