வலது பக்கம் கொஞ்சம் குறைவு

பழைய மூவிங் கொயில் காட்ரிட்ஜ் சேர்க்கிறவனுக்கு வெளியில் எதிரி தேவையில்லை. வீட்டில் கூட்டுகிற ஒரு தும்புத்தடியும் தூசி தட்டும் துணியும் இருந்தால் போதும்.

சேர்க்கிற இந்த வருத்தம் நோயாகப் பிடித்த உங்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. பிடிக்காத பாக்கியசாலிகளுக்காக மட்டும் சொல்கிறேன். இசைத்தட்டு சுழலும்போது அதன்மேல் ஒரு கை வந்து இறங்குமே, அந்தக் கையின் நுனியில் ஒரு டொபி மிட்டாய் அளவில் ஊசியோடு இருப்பதுதான் காட்ரிட்ஜ். அதற்குள் தலைமயிரிலும் மெல்லிய கம்பியில் இரண்டு கொயில்கள், இடது ஸ்பீக்கருக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று. மீட்டர் வைத்துச் சோதிக்கப் போனால் கம்பி எரிந்தாலும் எரிந்துவிடும். ஆகவே நல்லதா பழுதா என்று காதுதான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். நாவற்குடாவில் ரேடியோ திருத்துகிற எனக்கு அந்தக் காது இருந்தது. களுவாஞ்சிக்குடியிலிருந்து ஓட்டமாவடி வரை காட்ரிட்ஜ் வைத்திருக்கிற ஏழெட்டுப் பேரும் என் காதைத்தான் நம்பினார்கள். எனக்கும் அதில் கொஞ்சம் தலைக்கனம்தான், ஏன் மறைக்க வேண்டும்?

மீன்முள்

ஜப்பானிலிருந்து வந்த காட்ரிட்ஜ் ஒன்றை மேசையில் மல்லாத்தி வைத்துவிட்டு, ஒரு அம்ப்ளிபயருக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தேன். என் மனைவி விமலா மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தால் காட்ரிட்ஜ் இருக்கிறது, ஊசியும் அதைத் தாங்கும் சின்னத் தண்டும் இல்லை. என்ன செய்தாய் என்று கேட்டேன்.

மீன்முள் மாதிரி ஏதோ நீட்டிக்கொண்டிருந்ததாம். கையில் குத்தும் என்று பிடுங்கிக் குப்பையில் போட்டுவிட்டாளாம். குப்பை வாளியைக் கவிழ்த்துக் கிளறினேன். உள்ளே மத்தியானம் தின்ற செல்வன் மீனின் முள்ளே ஒரு கை நிறைய இருந்தது, ஊசியை எங்கே தேட? நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் எழுந்து போய்விட்டது. அவளோ அசையவில்லை. என்னைக் கேட்டுத்தான் பிடுங்கினதாகச் சாதித்தாள். பிடிபட்டவர்கள் எல்லோரும் சொல்கிற சாக்குத்தானே என்று நினைத்தேன், அவள் விடவில்லை. "பக்கத்தில நிண்டு, புடுங்கட்டா எண்டு ரெண்டு தரம் கேட்டன், நீங்க வேணாமெண்டு சொல்லல்லையே!"

ஜப்பான்காரனின் கை

ஓட்டமாவடி நசீர் கட்டாரில் பல வருடம் வேலை செய்துவிட்டு வந்தவர். மற்றவர்கள் டிவியும் கம்பளியும் கொண்டுவர, இவர் இரண்டு பழைய காட்ரிட்ஜைக் கால் மேசுக்குள் சுற்றிக்கொண்டு வந்தார். எது உசத்தி என்று சொல்லுங்கள் என்று என் முன்னால் வைத்தார். ஒரே இசைத்தட்டு, ஒரே பாட்டு, ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டுக் கேட்டேன். முதலாவதில் வலது பக்கம் கொஞ்சம் குறைவு. இரண்டாவதிலும் வலது பக்கம் கொஞ்சம் குறைவு.

நசீரின் முகம் சுருங்கிவிட்டது. நல்லது எப்படி இருக்கும் என்று காட்டுவதற்காக, என்னிடம் இருந்ததிலேயே சிறந்ததை எடுத்து மாட்டினேன். அதிலும் வலது குறைந்து கேட்டது. எனக்குத் திக்கென்றது. போன வருடம்கூடக் கண்ணாடி மாதிரிப் பாடிய சாமான் அது. வெளியில் காட்டிக்கொள்ளாமல், வயது போனால் கொயில் தளரும், வலதுதான் முதலில் தளரும் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். நசீர் மூன்றையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏன் அண்ணன், இதுகளச் செஞ்ச ஜப்பான்காரனுக்கு வலது கையில ஏதும் வருத்தமா?"

போஸ்ட்மோட்டம்

களுவாஞ்சிக்குடி மாஸ்டர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். கனடாவில் இருக்கிற மகள் இரண்டு வருடமாகத் தேடிப் பிடித்து அவருக்கு ஒரு காட்ரிட்ஜ் அனுப்பியிருந்தாள். அதைப் பஞ்சுக்குள் வைத்து பஸ்ஸில் மடியிலேயே கொண்டுவந்தார். ஏழெட்டு நாள் வீட்டில் போட்டுக் கேட்டேன், எனக்கு நன்றாகத்தான் இருந்தது, ஆனாலும் நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால்தான் நிம்மதி என்றார். நான் ஐந்து நிமிடம் கேட்டேன். "வலது கொயில் செத்துப்போச்சு மாஸ்டர்" என்றேன். அவர் அதைத் திரும்பப் பஞ்சுக்குள் வைத்து எடுத்துக்கொண்டு போனார்.

பத்து நாள் கழித்து ஒரு நெருப்புப் பெட்டியோடு வந்தார். திறந்தால் உள்ளே காட்ரிட்ஜ் துண்டு துண்டாகக் கிடந்தது. சவர பிளேட்டால் கீறி, லென்ஸ் வைத்து உள்ளே பார்த்தாராம். சாகும்வரை வைத்திருக்கிற சாமானை யாராவது பிளேட்டால் கீறுவார்களா? உள்ளே என்ன கண்டார் என்று கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கத்திவிட்டேன். மாஸ்டர் என்னை வியப்போடு பார்த்தார். "தம்பி, செத்துப்போச்செண்டு நீங்க சொன்ன பிறகுதானே நான் போஸ்ட்மோட்டம் செஞ்சன்?"

நாற்காலி

அதன் பிறகு ஒரு ஞாயிறு காலை, என்னிடம் இருந்த பதினொரு காட்ரிட்ஜையும் வரிசையாகக் கேட்டேன். பதினொன்றிலும் வலது குறைவு. இடது வயரையும் வலது வயரையும் மாற்றிப் போட்டுப் பார், குறை பக்கம் மாறினால்தான் பழுது காட்ரிட்ஜில் என்பதுதான் இந்தத் தொழிலின் முதல் பாடம். வருகிறவர்களுக்கெல்லாம் நான் ஓதுவது அதைத்தான். நான் மட்டும் செய்து பார்க்கவில்லை. என் காதே சொன்ன பிறகு வயரிடம் என்ன கேள்வி?

பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது விமலா தேத்தண்ணீரோடு பின்னால் வந்தாள். வாங்குவதற்காக நாற்காலியோடு அப்படியே திரும்பினேன். இப்போது குறைந்தது இடது ஸ்பீக்கர். முன்னால் திரும்பினேன், வலது. பின்னால் திரும்பினேன், இடது. குறை என்னோடு சேர்ந்து திரும்பிக்கொண்டிருந்தது. வலது காதைப் பொத்தினேன், ஒரு மாற்றமும் இல்லை. இடதைப் பொத்தினேன், பாட்டு பக்கத்து வீட்டு வளவுக்குப் போய்விட்டது. தேத்தண்ணீரை வாங்கப் போய், உடுத்திருந்த சாரத்தில் கொட்டிக்கொண்டேன். சூடுகூட உடனே தெரியவில்லை. செத்தது என் காது, மாஸ்டரின் காட்ரிட்ஜ் இல்லை என்று அவளிடம் சொன்னேன். அவளுக்கு அதிர்ச்சியே இல்லை. "ஒரு வருசமா வலப்பக்கம் நிண்டு கூப்பிட்டா நீங்க திரும்புறதில்ல, வேணுமெண்டுதான் கேக்காத மாதிரி இரிக்கீங்க எண்டு நானும் விட்டுட்டன்."

கடைசித் தீர்ப்பு

டொக்டர் சோதித்துப் பார்த்து, வலது காதின் நரம்பு பாதிக்கு மேல் போய்விட்டது, இனித் திரும்பாது என்றார். நசீருக்குப் போனில் சொன்னேன். சிரித்துவிட்டு, மேசுக்குள் கிடந்த இரண்டையும் அன்றைக்கே வெளியில் எடுத்தார். மாஸ்டருக்குப் போனில் சொல்ல மனம் வரவில்லை. அவருக்குக் கொடுக்க என்னுடைய சிறந்த காட்ரிட்ஜை ஒரு பெட்டியில் வைத்துக்கொண்டு களுவாஞ்சிக்குடிக்கு பஸ் ஏறினேன். மகள் தேடி அனுப்பியதைக் கொன்றவன் என்று இனி என் முகத்தில் விழிக்க மாட்டார் என்ற பயம் வழியெல்லாம் இருந்தது.

வாசலில் மாஸ்டர் மூக்கில் புதுக் கண்ணாடியோடு நின்றார். உள்ளே போய் உட்காரக்கூட இல்லை, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிப் பெட்டியை நீட்டினேன். அவர் அதை வாங்கவில்லை. கண்ணாடியைக் கழற்றினார், என்னைப் பார்த்தார், போட்டுக்கொண்டு திரும்பவும் பார்த்தார். "கீறிப் பாத்த அண்டைக்கே கம்பி ரெண்டும் முழுசாக் கிடக்கிற மாதிரித்தான் தெரிஞ்சிச்சி, உங்கட காது பிழை விடாது, அப்ப என்ட கண்தான் பழுது எண்டு போய்ப் புதுக் கண்ணாடி போட்டுட்டன் தம்பி!"

ஆக, நன்றாயிருந்த ஒரு காட்ரிட்ஜைச் சாகடித்து, நன்றாயிருந்த இரண்டு கண்ணுக்குக் கண்ணாடியும் போடவைத்த பிறகுதான், மீட்டர் வைத்துப் பார்த்திருக்க வேண்டிய இடம் என் தலையின் வலது பக்கம் என்பது எனக்கு விளங்கியது.