கச்சான் காலத்துக் கொடுவாவும் மொட்டைத் தூண்டிலும்

எனக்கு இப்போது எழுபத்தாறு வயது. வளர்த்தது ஏழு பேர். ஐந்து நான் பெற்றது. இரண்டு என் தங்கை கண்ணை மூடும்போது என் கையில் தந்துவிட்டுப் போனது. ஏழுக்கும் ஒரே சட்டியிலிருந்து சோறு போட்டு ஆளாக்கினேன். ஆனால் ஏழில் ஒன்றையும் முழுதாக நம்பியதில்லை. சீனிப் போத்தல் குறைந்தால் எல்லோரையும் நிறுத்தி வாயை ஊதச் சொல்லி மணந்து பார்ப்பேன். அப்படிப் பார்த்தபடியால்தான் ஏழும் ஒழுங்காக வந்தன என்று இன்றைக்கும் சொல்லுவேன்.

படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றது. எழுத்துக் கூட்டி எழுத வரும். எழுதியதைத் திரும்ப வாசிக்க இப்போது கண் விடாது. ஆறுதலாகத்தான் எழுதுகிறேன். என்னை அவசரப்படுத்த இங்கே யாரும் இல்லை.

எங்கள் ஊர் எழுவான்கரையில், கல்முனை றோட்டுக்கும் வாவிக்கும் நடுவில் கிடக்கிறது. வாவியை நாங்கள் ஆறு என்றுதான் சொல்லுவோம். ஆனி பிறந்தால் கச்சான் காற்று தொடங்கிவிடும். அக்கரையில் படுவான்கரை வயல்வட்டையெல்லாம் காய்ந்து கிடக்கிற வெக்கையை அள்ளிவந்து எங்கள் முகத்தில் கொட்டும். ஆற்றில் தண்ணீர் வற்றும். முகத்துவாரத்தை மண் மூடும். உப்பு ஏறி, ஒரு சொட்டு வாயில் பட்டாலும் கரிக்கும். மேல்தண்ணீர் கஞ்சி மாதிரிச் சுடும். அந்த நாட்களில் வலைக்காரர்கள் வலையைக் காயப்போட்டுவிட்டு மரத்துக்குக் கீழே படுத்துக்கொண்டு, கொடுவா மீன் படாது என்பார்கள்.

படாது என்பது பொய். எங்களுக்கு வெக்கை என்றால் கொடுவாவுக்கும் வெக்கைதான். அது நிழலும் ஆழமும் தேடிப் போய் ஒதுங்கிவிடும். அது ஒதுங்குகிற மடு ஒன்று எனக்குத் தெரியும். கண்ணா மரங்கள் வளைந்து தண்ணீரைத் தொடுகிற ஒரு மூலை. தோணி வலிக்கிற சவளை ஆழ இறக்கி எடுத்து அதன் அலகைத் தொட்டுப் பார்த்தால் சில்லென்று இருக்கும். அந்த இடத்துக்கு நான் ஒருநாளும் நேரே போனதில்லை. முதலில் தோணியை வேறு பக்கம் விட்டு, கரையில் யாரும் கண் வைக்கவில்லை என்று தெரிந்த பிறகுதான் திருப்புவேன். என் புருஷன் இருந்த காலத்தில் அவருக்குக்கூட அந்த மடுவை நான் காட்டவில்லை. அவர் நல்ல மனிதர். ஆனால் நாலு பேரோடு இருந்தால் வாய் நிற்காது.

உச்சி வெயில் சாயும்போது காற்று கொஞ்ச நேரம் விழும். அதுதான் நேரம். உயிர் இறாலை வாலில் கொளுவி, தங்கூசி நூலைக் கையாலேயே விடுவேன். தடி கிடையாது. கொடுவா இரையைக் கொத்தாது. வாயைத் திறந்து தண்ணீரோடு சேர்த்து உள்ளே இழுக்கும். வேருக்குள் தேங்காய் விழுந்த மாதிரி டொப் என்று கேட்கும். கேட்டதும் வெட்டி இழுக்க வேண்டும். அதன் வாய் ஓரம் எலும்பு மாதிரி. தூண்டில் முள் கூராக இல்லாவிட்டால் வழுக்கிக்கொண்டு வந்துவிடும்.

போன வருஷம் பெரியது ஒன்று பிடித்து இழுத்தபோது தங்கூசி என் கையில் சுற்றியிருந்தது. தோணி சரிந்தது. நான் தண்ணீருக்குள். நெஞ்சளவுதான், நின்றுவிட்டேன். நனைந்த சீலையோடு வீட்டுக்கு வந்தபோது கிணற்றடியில் என் பேத்தி நின்றாள். இளைய மகளுடைய ஒரே பிள்ளை. பெரிய சோதனைக்குப் படிக்கிறவள். என் உள்ளங்கையில் தங்கூசி அறுத்த இடத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் சீலையைப் பிழிந்து கொடியில் போட்டாள். பேசாத பிள்ளைகளைப் பற்றி எனக்கு எப்போதும் ஒரு யோசனைதான்.

பேசினது அவளுடைய தாய்.

"அம்மா, இனிப் போதும். ஆத்துல விழுந்து கிடந்தா ஆர் கண்டது?"

"ஆர்கா விழுந்தது? வெக்கையாக் கிடந்திச்சு, இறங்கிக் குளிச்சன்."

"சீலையோடயா?"

"பின்ன என்ன, அவிழ்த்துப் போட்டுட்டு ஊருக்குக் காட்டவா?"

மருமகன் சிரிப்பை அடக்க முடியாமல் எழுந்து வெளியே போனார். அவர் ஓடாவி, மரவேலை செய்கிறவர். எங்கள் ஊர் வழக்கப்படி பெண்ணுக்கு வீட்டைக் கொடுத்து மாப்பிள்ளையை எங்கள் வளவுக்கே எடுத்தோம். பெரிய வீடு அவர்களுக்கு. பின்னால் உள்ள சின்ன வீடு எனக்கு.

இந்த வருஷம் கச்சான் தொடங்கவும் பேச்சு மறுபடி வந்தது. என் புருஷனின் தம்பியும் அன்று வந்திருந்தான். அவன் எப்போது வருவான் என்று எனக்குத் தெரியும். தோணியைப் பற்றிக் கதை வரும்போது வருவான்.

"மச்சாள், அண்ணன்ட தோணி வெயில்ல கிடந்து வெடிக்குது. என்னட்டத் தந்தா தார் பூசி வச்சிருப்பன்."

"அண்ணன் போய் இத்தின வருஷத்தில வெடிக்காத தோணி, நீங்க வந்து பார்த்தோடனதான் வெடிச்சிதாக்கும்?"

மகள் இடையில் விழுந்தாள். "சண்டை வேணாம். அம்மா, இந்தக் கச்சானுக்குள்ள ஒரு கொடுவா கொண்டு வாங்க. கொண்டு வந்தா நான் இனி வாயே திறக்க மாட்டன். கச்சான் முடியுமட்டும் ஒண்டும் படாட்டி, தோணி சித்தப்பாக்கு."

"ஓம்" என்றேன். ஓம் என்று சொன்ன பிறகுதான் அவள் ஏன் இவ்வளவு லேசாக விட்டாள் என்று யோசித்தேன். என் மகளை எனக்குத் தெரியும். அவள் எதையும் லேசாக விடுகிறவள் இல்லை.

போனேன். டொப் என்று கேட்டது. வெட்டி இழுத்தேன். பாரம் தெரிந்தது, பிறகு ஒன்றும் இல்லை. அடுத்த நாளும் அப்படி. அதற்கடுத்த நாள் மீன் மேலே வந்து, தலையை உதறி, கண் தணல் மாதிரி மினுங்க என்னைப் பார்த்துவிட்டுப் போயிற்று. என் வாழ்நாளில் ஒரு கொடுவா என்னைப் பார்த்துவிட்டுப் போனதில்லை.

முதலில் மச்சானை, என் புருஷனின் தம்பியைத்தான், சந்தேகித்தேன். மடுவைக் கண்டுபிடித்து வலை போட்டு மீனை மிரட்டிவிட்டானோ என்று கண்ணா வேரெல்லாம் தேடினேன். கம்பு குத்திய அடையாளம் இல்லை, கொப்பு முறிந்திருக்கவில்லை. அப்படியும் மனம் ஆறவில்லை. உப்பு இல்லை என்று சாட்டுச் சொல்லி அவன் வீட்டுக் குசினிக்குள் போய், அவன் பெண்சாதி உப்பு எடுக்கத் திரும்பிய நேரம் சட்டியைத் திறந்து பார்த்தேன். கருவாடு. கொடுவா பிடிக்கிறவன் வீட்டில் கருவாடு ஏன் கொதிக்கிறது?

வரும் வழியில் அவனே எதிர்ப்பட்டான். "என்ன மச்சாள், கொடுவா உங்களோட கோவமோ?"

"கோவமில்ல. காலைல உங்கட முகத்தில முழிச்சிட்டுப் போனன், அதான்."

வீட்டுக்கு வந்து தூண்டில் முள்ளை எடுத்துப் பெருவிரல் நகத்தில் இழுத்துப் பார்த்தேன். கூரான முள் நகத்தில் குத்தி நிற்கும். இது வழுக்கிக்கொண்டு போயிற்று. பார்வைக்குக் கூராகத்தான் தெரிந்தது. இறாலின் உடம்பு மெத்தென்று இருப்பதால் மொட்டை முள்ளும் அதில் ஏறிவிட்டது, எனக்குப் பிடிபடவில்லை. பழசாகிவிட்டது போலும் என்று றோட்டுக் கடைக்குப் போய்ப் புது முள் வாங்கிவந்து தகரப் பேணியில் போட்டு, என் வீட்டுக் கூரை இறப்பில் செருகி வைத்தேன். அடுத்த தரம் ஆற்றுக்குப் போக எடுத்து நகத்தில் இழுத்தேன். புது முள்ளும் வழுக்கிற்று. தண்ணீரே தொடாத முள் மொட்டையாகிறதற்கு அது என்ன என் பல்லா?

மச்சான் எங்கள் வளவுக்குள் வந்து இறப்பில் கை வைக்க மாட்டான், எங்கள் நாய் விடாது. நாய் குரைக்காத ஆள்தான் இதைச் செய்தது. அப்படியானவர்கள் மூன்று பேர். மகளுக்குத் தோணியைப் பறிக்க விருப்பம். மருமகனிடம் அரம் இருக்கிறது. பேத்தியை நான் கணக்கில் எடுக்கவில்லை. சின்னப் பிள்ளை, புத்தகமும் போனும்தான் அவளுக்கு உலகம் என்று இருந்துவிட்டேன்.

மருமகனுடைய முகத்தைப் பார்க்க வேண்டும் என்று முள்ளைக் கொண்டுபோய் அவர் வேலை செய்கிற கொட்டிலில் நீட்டினேன். மாமியும் மருமகனும் அதிகம் பேசிக்கொள்கிற வழக்கம் எங்களிடம் இல்லை. அதனால் அவர் எழுந்து நின்றுவிட்டார்.

"மருமகன், இதை ஒருக்காப் பாருங்க. துருவா?"

வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கண் அங்கும் இங்கும் ஓடவில்லை. "துருவில்ல மாமி. ஆரோ ராவியிருக்கு."

"ஆர்?"

"என்ட அரத்தால ராவினா கோடு கோடா விழும். இது வழுவழுண்டு கிடக்கு. நகத்த ராவுற..." என்றவர் பாதியில் வாயை மூடிக்கொண்டார்.

மூடி என்ன பயன்? எங்கள் வளவில் நகம் ராவுகிறவள் ஒருத்திதான். மாமரத்துக்குக் கீழே கதிரையைப் போட்டுக்கொண்டு, மடியில் போனை வைத்துக்கொண்டு, சின்ன அரம் ஒன்றால் பத்து விரலையும் ராவுகிறவள்.

"சரி. கூராக்கித் தாங்க. உங்கட பெண்சாதிக்கும் சொல்ல வேணாம், மகளுக்கும் சொல்ல வேணாம்."

"மாமி, நான் இந்த வீட்டில சோறு தின்னுறவன். என்ன இதுக்குள்ள மாட்டாதீங்க."

"கூராக்காட்டி என்ட வீட்டுச் சோறும் இல்ல."

கூராக்கித் தந்தார். நகத்தில் இழுத்தேன், குத்தி நின்றது. அதைப் பழைய செருப்புத் துண்டு ஒன்றில் குத்தி மடியில் செருகிக்கொண்டேன். மொட்டை முள்ளுகளைப் பேணியில் இருந்தபடியே விட்டேன். இறப்பிலிருந்து பேணியை எடுக்கிற மாதிரியும் ஒரு நடிப்பு நடித்தேன். பேத்தி கதவடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மம்மா, இண்டைக்குப் போகாதீங்க. கடும் வெக்கை எண்டு போன்ல போட்டிருக்கு."

"போன் வெயிலுக்குள்ள இறங்கி நிண்டா பார்த்தது?"

அவள் சிரிக்கவில்லை. வழக்கமாக இப்படிச் சொன்னால் சிரிப்பாள்.

மடுவில் தண்ணீர் அசையவில்லை. கண்ணா இலையும் அசையவில்லை. தங்கூசியை இந்தமுறை கையில் சுற்றவில்லை. தோணியின் குறுக்குக் கட்டையில் ஒரு சுற்றுப் போட்டு, சீலைத்துண்டால் பிடித்திருந்தேன். நான் போன வருஷத்தில் இருந்தவள் இல்லை. டொப் என்றது. வெட்டினேன். ஏறிவிட்டது, கைக்குத் தெரிந்தது. நேரே வேருக்குள் ஓடப் பார்த்தது. விட்டுக் கொடுத்தேன், சவளால் தோணியைத் தள்ளி வெளித் தண்ணீருக்குக் கொண்டுவந்தேன். ஒருதரம் முழு உடம்பையும் தூக்கி மேலே வந்து தலையை உதறியது. முள் நின்றது. பிறகு ஆறுதலாக இழுத்தேன். அதற்கும் களைப்பு, எனக்கும் களைப்பு. யார் முதலில் விடுகிறது என்று பார்த்தோம். தோணிக்குள் எடுத்தபோது என் முழங்கையிலிருந்து விரல் நுனி வரைக்கும் அளந்து பார்த்தேன். அதையும் தாண்டிக் கிடந்தது. கன்னத்து ஓரம் கத்தி மாதிரி இருக்கும் என்பதால் சாக்கைப் போட்டு மூடினேன்.

கரையில் முதலில் கண்டவன் மச்சான். சாக்கைத் தூக்கிப் பார்த்தான்.

"மச்சாள், சந்தையில வாங்கினதா?"

எனக்குக் கோபம் வரவில்லை. அவனுடைய இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன். வாயைத் திறந்து காட்டினேன். முள் தாடையில் அப்படியே நின்றது. தங்கூசியை நான் வேண்டுமென்றேதான் அறுக்காமல் விட்டிருந்தேன். "வாங்கின மீனுக்குத் தூண்டில் இனாமாத் தாறானுகளா?" என்றேன். அவன் சாக்கை மூடிவிட்டுத் தோணியை ஒருதரம் பார்த்தான். பிறகு வீட்டுக்குப் போனான்.

வளவுக்குள் எல்லோரும் வந்து சூழ்ந்தார்கள். மகள் ஒன்றும் சொல்லாமல் கத்தியும் பலகையும் எடுத்துவந்தாள். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவள்தான், அதை நான் மறுக்கவில்லை. மருமகன் மீனைப் பார்த்துவிட்டு நிலத்தைப் பார்த்தார். பேத்தி மீனைப் பார்க்கவில்லை. அவள் முள்ளைப் பார்த்தாள். குனிந்து, விரலால் அதன் நுனியைத் தொட்டுப் பார்த்தாள்.

"இது எந்தத் தூண்டில் அம்மம்மா?"

"ஏன் மனே, தூண்டில்ல எத்தின சாதி கிடக்கு?"

உள்ளே போய்விட்டாள். அன்றைக்குத் தேங்காய்ப்பால் விட்டுப் பாலாணம் வைத்தோம். கொடுவாத் தலை என்றால் அவளுக்கு உயிர். சின்ன வயதில் அதற்காக அழுதிருக்கிறாள். அன்றைக்குத் தலையிடி என்று சோறும் தின்னவில்லை.

அவள் ஏன் செய்தாள் என்று எனக்குத் தெரியாதா? போன வருஷம் என் கையில் ரத்தத்தைப் பார்த்தவள் அவள்தான். பயந்திருக்கிறாள். முள் மொட்டையாக இருந்தால் மீன் படாது, மீன் படாவிட்டால் என்னை ஒன்றும் தண்ணீருக்குள் இழுக்காது என்று நினைத்திருக்கிறாள். அது அன்புதான். அன்பு வேறு, தூண்டில் வேறு. தூண்டில் என்னுடையது. அதைத் தொட முதல் என்னிடம் வந்து, பயமாக் கிடக்கு அம்மம்மா என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் நான் போகாமல் இருந்திருப்பேனா என்று கேட்டால், போயிருப்பேன். ஆனாலும் சொல்லியிருக்கலாம்.

தோணி என்னோடுதான் கிடக்கிறது. ஆவணியிலும் வெக்கை குறையவில்லை, நாளைக்கும் போவேன். முள்ளுகளை இப்போது மடியோடு வைத்துக்கொண்டுதான் படுக்கிறேன். எனக்கு இன்னும் தெரியாதது ஒன்றுதான். அவள் தன் புத்தியில் செய்தாளா, அல்லது தாய் சொல்லிக் கொடுத்துச் செய்தாளா? அவ்வளவு லேசாக அந்தப் பந்தயத்தைக் கட்டினவள் என் மகள். நேரே கேட்டால் இரண்டு பேரும் ஒரே மாதிரி இல்லை என்பார்கள். அதனால் கேட்கவில்லை, உட்கார்ந்து எழுதினேன்.

மனே, அந்தப் போனை வச்சிட்டு இஞ்ச வா. இதை முதல்ல இருந்து வாசி. கொம்மா குசினிக்குள்ள நிக்கிறா, அவவுக்கும் கேக்கிற மாதிரிச் சத்தமா வாசி. ஒரு சொல்லும் விடாத. எழுதினது நான், விட்டா எனக்குத் தெரியும்.